தீக்கோழித் தோல் ஸ்ட்ராப்: உள்தோலில்தான் எல்லாம்

போன வருடப் பங்குனியில் தைத்து முடித்த வாட்ச் ஸ்ட்ராப் ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டது. தையல் விடவில்லை, ஓரம் பிரியவில்லை, நாற்றமும் இல்லை. இதற்கு முன்னால் ஒன்று மூன்று மாதத்திலும், இன்னொன்று ஐந்தே வாரத்திலும் போய்விட்டன. அதனால் ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் இது கடக்கட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

வாட்ச் பெரியப்பாவுடையது. எச்எம்டி ஜனதா, 17 கல், தினமும் சாவி கொடுக்க வேண்டும். பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு எச்எம்டி கடிகாரம் செய்யத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறை ஆட்கள் பாதிப்பேர் கையில் இந்த வாட்ச்தான் இருந்தது. மாங்காய் மண்டியில் கணக்கு எழுதிய பெரியப்பா கடைசி வரை இதைக் கழற்றவில்லை. அவருக்குப் பிறகு என்னிடம் வந்தபோது மெஷின் நன்றாக ஓடியது. ஸ்ட்ராப் மட்டும் கையில் எடுத்ததும் பொடிந்தது. வாட்ச்சுக்கு ஏற்ற நல்ல தோல் ஒன்றைப் போட வேண்டும் என்ற ஆசை அப்போது பிடித்துக்கொண்டது.

தை மாதம் பெங்களூரில் ஒரு கடையில் 'முதலைத் தோல்' என்று சொல்லி 1,800 ரூபாய்க்குக் கொடுத்த ஸ்ட்ராப்பை வாங்கினேன். சித்திரையில் பக்கிள் பக்கத்து மடிப்பு வெடித்தது. வெடிப்புக்குள் பார்த்தால் மேலே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு, அதன் கீழே தோல்தூளைப் பசை போட்டு அழுத்திய அட்டை மாதிரி ஒன்று. முதலைச் செதில் எல்லாம் அச்சில் அழுத்தியது. அப்புறம்தான் எப்படிப் பார்த்து வாங்குவது என்று கற்றுக்கொண்டேன். உண்மையான முதலைத் தோலில் ஒவ்வொரு செதிலிலும் ஊசி குத்தியது போல ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அமெரிக்க அலிகேட்டரின் வயிற்றுத் தோலில் அந்தப் புள்ளி இருக்காது; தொப்புள் தழும்பு இருந்தால் அது அலிகேட்டர். அச்சுத் தோலில் ஒரே வடிவம் மறுபடி மறுபடி வரும், பள்ளங்கள் எல்லாம் ஒரே ஆழத்தில் இருக்கும். கட்டைவிரலால் வளைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்: உண்மைத் தோல் செதிலுக்குச் செதில் மடியும், அச்சுத் தோல் இஷ்டப்பட்ட இடத்தில் மடியும்.

அது உண்மையான முதலையாக இருந்திருந்தாலும் நான் கட்டியிருக்கக் கூடாது. ஒகேனக்கல் காவிரியில் கிடக்கும் சதுப்பு முதலை, நம் கரட்டில் ஓடும் உடும்பு, மலைப்பாம்பு எல்லாமே 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஊர்வனவற்றின் தோலை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவும் 2017 ஜனவரியில் மத்திய அரசு தடை போட்டது. அதனால் 'உடும்புத் தோல், சல்லிசா தர்றேன்' என்று யாராவது சொன்னால் நின்று பேசவே வேண்டாம். ஒகேனக்கல்லில் வனத்துறை முதலைப் பண்ணையில் அதுகள் வெயில் காய்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். அந்த முதுகை வெட்டி மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள எனக்கு மனசும் வராது.

மிச்சம் இருந்தவை திருக்கைத் தோலும் தீக்கோழித் தோலும். திருக்கையை ஒரு துண்டு வாங்கிப் பார்த்தேன். மேலே முழுக்கக் கண்ணாடி மணி மாதிரி சுண்ணாம்புக் குருணைகள். தண்ணீருக்கு அசையாது, கீறலும் விழாது. ஆனால் குத்தூசி இறங்கவில்லை, இரண்டு ஊசி முனை வளைந்தது. ஒவ்வொரு தையல் ஓட்டையையும் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். கையால் தைக்கப் பழகாதவர்களுக்கு அது வேண்டாம்.

தீக்கோழியில் இரண்டு வகை. முதுகுத் தோலில் இறகு பிடுங்கிய இடமெல்லாம் கொப்புளம் கொப்புளமாக எழுந்திருக்கும். பையும் பர்ஸும் செய்ய அழகு. 18 மி.மீ. அகல வாரில் அந்தக் கொப்புளம் நாலைந்துகூட அடங்காது, வார் நுனியைப் பிடிக்கும் வளையத்துக்குள் நுழையும்போது இடிக்கும். கால் தோல் வேறு. முன்பக்கம் நடுவில் பெரிய பெரிய ஓடு வரிசையாக அடுக்கியது போலச் செதில், இரண்டு பக்கமும் போகப் போகச் சின்னச் செதில். அந்த நடு வரிசை வாரின் நடுவில் வரும்படி வெட்டினால் முதலை வார் தரும் அழகை விடக் குறைவில்லை. ஆடு, கோழி மாதிரி பண்ணையில் வளர்ப்பதுதான். தென்னாப்பிரிக்காவில் ஔட்ஸ்ஹூர்ன் பக்கம் இறகுக்காக 19ஆம் நூற்றாண்டிலேயே வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு ஜோடிக் கால் தோல் 4,200 ரூபாய். பண்ணைத் தீக்கோழி என்று எழுதிய பில் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொன்றும் 13 அங்குல நீளம், நடுவில் நாலரை அங்குல அகலம், தடிமன் 0.9 மி.மீ.

அளவு எடுப்பதில் முதல் பாடத்தைப் பக்கத்துத் தெரு அக்கா சொன்னார். ஓசூர் டைட்டனில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். "பழைய வாரை அளக்காதப்பா, அது வேர்வையில ஊறி அகண்டிருக்கும். வாட்ச் காதுக்கு நடுவுல அளந்துக்கோ." அளந்தேன். காதுகளுக்கு, அதாவது கேஸில் ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளுக்கு, நடுவே சரியாக 18 மி.மீ. பழைய வார் 18.7 இருந்தது. பக்கிள் பக்கம் 16 என்று முடிவு செய்தேன். பக்கிள் வரும் துண்டு 75 மி.மீ., ஓட்டை வரும் துண்டு 115 மி.மீ. என் மணிக்கட்டுச் சுற்றளவு ஆறே முக்கால் அங்குலம். காலண்டர் அட்டையில் வெட்டி வாட்ச்சில் மாட்டிப் பார்த்த பிறகுதான் தோலில் கத்தி வைத்தேன். இது ஒன்று மட்டும் முதல் முறையே சரியாக வந்தது.

ஓரம் சீவுவதைக் காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கற்றேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுத்தோல் துண்டுகளைச் சீவினேன். கனம் குறையாமல் நான் அழுத்த அழுத்த, தோல் கிழிந்தது. அவர் பார்த்துவிட்டு, "வெட்டலன்னா கைய அமுக்காதீங்க தம்பி, கத்தியத் தீட்டுங்க" என்றார். ஒவ்வொரு பத்து இழுப்புக்கும் ஒரு முறை தோல்வாரில் கத்தியைத் தேய்த்துவிட்டுச் சீவினால் 0.9 மி.மீ. தோல் 0.5 வரைக்கும் பட்டுத்துணி மாதிரி இறங்கியது.

இனி முதலில் தைத்தது எப்படிப் போனது என்பது.

மேலே தீக்கோழி, நடுவில் கனத்துக்கு ஒரு மி.மீ. மாட்டுத்தோல், கீழே கையில் படும் பக்கம் உள்தோல். உள்தோலுக்கு வீட்டில் கிடந்த பழைய ஹேண்ட்பேக்கின் பளபளப்பான கறுப்புத் தோலை எடுத்தேன். மேல்தோலுக்கு இவ்வளவு செலவு செய்தாயிற்று, கீழே யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. ஒட்டுவதற்குப் பஞ்சர் கடை சொல்யூஷன். எல்லாவற்றையும் பலகையில் மட்டமாக வைத்து ஒட்டினேன். ஸ்ட்ராப்பை வாட்ச்சோடு பிடிக்கும் ஸ்பிரிங் பார் என்ற பின்னைச் சுற்றும் மடிப்பில் மேல்தோலும் உள்தோலும் சேர்ந்து 1.6 மி.மீ. இருந்தது. எச்எம்டியில் அந்தப் பின்னுக்கும் கேஸுக்கும் இடையில் இடம் ரொம்பக் கம்மி. உள்ளே நுழையாததை நெட்டித் தள்ளி மாட்டினேன். ஸ்ட்ராப் கேஸில் உராய்ந்துகொண்டே நின்றது.

வைகாசி முதல் வாரத்தில் கட்டினேன். மாம்பழக்கூழ் ஆலையில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. வைகாசி முதல் ஆடி வரை சீசன்; கிருஷ்ணகிரியின் பெங்களூரா ரக மாங்காய் லாரி லாரியாக இறங்கும். ஆலைக்குள் வாட்ச், மோதிரம் எதுவும் கூடாது. அதனால் காலையில் வண்டியில் வேர்த்துக்கொண்டு போய், வாட்ச்சைக் கழற்றிப் பாலிதீன் கவரில் போட்டு, தகர லாக்கரில் வைத்துப் பூட்டுவேன். பத்திரமாக வைப்பதாக நினைத்துக்கொண்டுதான் அப்படிச் செய்தேன்.

மூன்றாவது வாரம் உள்தோல் கைப்பக்கம் சுருங்கி அலை அலையாக மடிந்தது. மட்டமாக ஒட்டியதை வட்டமாக வளைத்தால் உள்பக்கத் தோலுக்கு நீளம் அதிகம், அது எங்கே போகும்? மடியத்தான் செய்யும். நாலாவது வாரம் நாற்றம். அந்தப் பளபளப்புப் பூச்சு வேர்வையை உறிஞ்சவில்லை, வேர்வை அதன் மேலேயே நின்று ஓரத்தின் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. காய்ந்து விறைப்பாகிவிட்டது என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினேன். பழைய செருப்புக்கு வீட்டில் அம்மா தடவுவது. தீக்கோழித் தோலின் பழுப்பு நிறம் திட்டுத் திட்டாகக் கறுத்தது, பிறகு எதைப் போட்டும் அந்தத் திட்டு போகவில்லை. எண்ணெய் தையல் ஓட்டை வழியே இறங்கிப் பசையையும் இளக்கியது. ஐந்தாவது வாரம் கட்டைவிரல் நகத்தால் தள்ளினால் உள்தோல் தனியாக வந்துவிட்டது.

பிரித்து மேஜை மேல் வைத்துப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தீக்கோழித் தோலில் ஒரு கிழிசல் இல்லை. நான் கறையாக்கியதைத் தவிர அதற்கு ஒன்றும் ஆகவில்லை. போனதெல்லாம் அதன் கீழே நான் வைத்தவை: உள்தோல், பசை, மடிப்பு. இவ்வளவு நாளும் மேல்தோலைத் தேடி அலைந்தேன், கையோடு ஒட்டியிருக்கும் தோலைப் பற்றி ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. நம்ம ஊர் வெயிலில் ஸ்ட்ராப் எத்தனை நாள் வரும் என்பதை அந்த உள்தோல்தான் முடிவு செய்கிறது.

லாக்கர் மேலும் சந்தேகம் வந்தது. லேபில் இருந்த தெர்மாமீட்டரை ஒரு நாள் உள்ளே வைத்துப் பார்த்தேன்; மதியம் இரண்டு மணிக்கு 47 டிகிரி. அந்தப் பக்கச் சுவருக்கு வெளியே மேற்கு வெயில். பிறகு ஆட்டுத்தோல் கீற்றுகளை இரண்டு இரண்டாக ஒட்டினேன், ஒரு ஜோடி பஞ்சர் சொல்யூஷனில், இன்னொரு ஜோடி செருப்புக் கடைகளில் மஞ்சளாக டின்னில் கிடைக்கும் நியோப்ரீன் பசையில். லேசாக ஈரம் தொட்டுப் பாலிதீனில் போட்டு லாக்கரில் ஒரு வாரம். சொல்யூஷன் ஜோடி கையோடு பிரிந்தது. நியோப்ரீன் ஜோடியை இழுத்தால் பசை விடவில்லை, தோல்தான் நாராகப் பிய்ந்தது.

உள்தோலுக்கு வாணியம்பாடி போனேன். இங்கிருந்து பஸ்ஸில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். எனக்கு வேண்டியது சாயம் போடாத, பூச்சு இல்லாத, பட்டை போட்டுப் பதனிட்ட ஆட்டுத்தோல். ஆவாரம் பட்டை, கடுக்காய் எல்லாம் போட்டுப் பதனிடும் பழக்கம் நம் பக்கத்தில் தலைமுறைகளாக இருக்கிறது. அப்படிப் பதனிட்ட தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சில நொடிகளில் உள்ளே போய் நிறம் கறுக்கும், காய்ந்ததும் பழையபடி ஆகும். பூச்சுத் தோலில் சொட்டு உருண்டு நிற்கும். கடையிலேயே விரலைத் தண்ணீரில் தொட்டுச் சோதித்துத்தான் எடுத்தேன். நாலரைச் சதுர அடித் தோல், அடி 110 ரூபாய், ஆக 495. அதில் இருபது ஸ்ட்ராப்புக்கு உள்தோல் வரும்.

இரண்டாவது கால் தோலை வெட்டும்போது கை நடுங்கியது உண்மைதான். இது போனால் இன்னொரு ஜோடி வாங்கப் பணம் இல்லை. நடுச் செதில் வரிசை மேல் பென்சிலால் கோடு போட்டு, அட்டையின் நடுக்கோட்டை அதோடு பொருத்தி, ஓரத்துக்கு 3 மி.மீ. அதிகம் விட்டு வெட்டினேன். மடிப்பில் மேல்தோல் மட்டும் பின்னைச் சுற்றும்படி வைத்து, அந்த இடத்தை 0.5 மி.மீ. வரை சீவினேன். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்து வாட்ச் கடையில் 1.8 மி.மீ. பின்னுக்குப் பதில் 1.5 மி.மீ. பின் ஜோடி 40 ரூபாய்க்குக் கிடைத்தது. முனை அளவு ஒன்றுதான். இந்த இரண்டு மாற்றத்தோடு ஸ்ட்ராப் கேஸைத் தொடாமல் தானாகத் தொங்கியது.

நடுத்தோல் ஸ்பிரிங் பார் பக்கம் ஒரு மி.மீ. கனத்தில் தொடங்கிப் பாதி நீளத்தில் ஒன்றுமில்லாமல் சீவி முடியும். ஒட்டும் பக்கங்கள் எல்லாவற்றையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினேன். தீக்கோழித் தோலின் அடிப்பக்கம் வழவழப்பு, தேய்க்காமல் பசை பிடிக்காது. பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத வரைக்கும் கால் மணி நேரம் விட்டேன். பிறகு முக்கியமான வேலை: ஏழு சென்டிமீட்டர் குறுக்களவு உள்ள ஊறுகாய் பாட்டில் மேல் உள்தோலை வளைத்து வைத்து, அந்த வளைவிலேயே மேல்தோலை அதன் மேல் ஒட்டினேன். நேராக நிமிர்த்தினால் உள்தோல் இழுபடும். கையில் கட்டினால் சரியாகப் பொருந்தும், மடியாது.

தையலுக்கு ஓட்டைக் குறி போட 3 மி.மீ. இடைவெளிப் பல்லுளி, 650 ரூபாய். ஓரத்திலிருந்து இரண்டரை மி.மீ. உள்ளே. 0.5 மி.மீ. மெழுகு நூல், இரண்டு ஊசி, ஒரே ஓட்டையில் எதிரெதிராகப் போய் வரும் தையல். மெஷின் தையலில் ஒரு இடம் அறுந்தால் வரிசையாக அவிழும், இதில் அவிழாது. செதில் வரம்பில் ஓட்டை விழுந்தால் தையல் புதைந்துபோகிறது. அங்கே மட்டும் அரை மி.மீ. தள்ளிப் போட்டேன். ஓரத்தை 400, 600, 1000 நம்பர் தாளால் வரிசையாகத் தேய்த்து, ஓரப் பெயின்ட் நான்கு முறை, ஒவ்வொன்றும் காய்ந்து மறுபடி தேய்த்த பிறகு. ஏழு ஓட்டை, ஏழு மி.மீ. இடைவெளி. வளையங்களை வாரை விட ஒரு மி.மீ. தளர்வாக வைத்தேன், முதல் ஸ்ட்ராப்பில் அவை இறுக்கமாக இருந்ததால் செதில் நுனிகள் உரசி எழும்பின. முடிவில் கனம் ஸ்பிரிங் பார் பக்கம் 3.6 மி.மீ., வால் நுனி 1.9 மி.மீ. வேலை நேரம் மூன்று ஞாயிற்றுக்கிழமையில் 11 மணி நேரம்.

செலவு: கால் தோல் ஜோடி 4,200, ஆட்டுத்தோல் 495, பல்லுளி 650, நூல் 180, ஊசி 50, பசை 90, ஓரப் பெயின்ட் 250, ஸ்டீல் பக்கிள் 150, தாள் 60, பின் 40. ஆக 6,165 ரூபாய். பாழான முதல் காலும் இதில் அடக்கம். முதலில் ஏமாந்த 1,800 தனி.

இந்த ஒரு வருடம் அதைப் பார்த்துக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கழற்றியதும் உள்பக்கத்தைக் காய்ந்த காட்டன் துணியால் ஒற்றி எடுப்பேன், தேய்ப்பதில்லை. பாலிதீனை விட்டாயிற்று, சின்னத் துணிப்பையில் போட்டு, லாக்கரின் கீழ்த்தட்டில் வைக்கிறேன். இரண்டு நாள் கட்டினால் ஒரு நாள் ஓய்வு. நனைந்தால் ஃபேன் காற்று போதும். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காயவைத்தால் செதில் ஓரம் எழும்பும். எண்ணெய் வேண்டவே வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிறமில்லாத தோல் கிரீம், மிளகு அளவு, மேல்தோலில் மட்டும். உள்தோலுக்குக் கிரீம் போட்டால் அது வேர்வையை உறிஞ்சுவதை நிறுத்திவிடும்.

ஐப்பசி மழையில் பத்து நாள் கட்டாமல் பீரோவில் இருந்தபோது உள்பக்கம் வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது. வெளியே கொண்டுபோய்த் துடைத்துவிட்டு, பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு உள்தோலை மட்டும் துடைத்தேன், போய்விட்டது. மேல்தோலில் அதே பஞ்சை ஒரு ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். பழுப்புச் சாயம் பஞ்சில் ஏறியது. உடனே நிறுத்திவிட்டேன். எதைத் தொட்டாலும் முதலில் வால் நுனியின் அடிப்பக்கம் வைத்துப் பாருங்கள்.

அடுத்ததில் மூன்று மாற்றம் செய்வேன். நடுத்தோலை ஒரு மி.மீ.க்குப் பதில் 0.7 ஆக்குவேன், சின்ன வாட்ச்சுக்கு இந்தக் கனம் கொஞ்சம் தூக்கல். உள்தோலின் ஓரத்தைப் பெயின்டால் முழுக்க மூடாமல் தேன்மெழுகு மட்டும் தேய்ப்பேன். பெயின்ட் போட்ட ஓரத்தில் வேர்வை காய அதிக நேரம் எடுக்கிறது. பசையை நடுவில் தடவாமல் ஓரம் நான்கு மி.மீ. மட்டும் தடவுவேன், பின்னால் உள்தோலைக் கழற்றச் சுலபம்.

ஏனென்றால் அதைக் கழற்றப் போகிறேன். மணிக்கட்டின் அடிப்பக்கம் படும் இரண்டு இடத்தில் உள்தோல் கறுத்துக் கொஞ்சம் கெட்டியாகிவிட்டது. மேல்தோல் இன்னும் பல வருடம் வரும். வரும் சீசன் முடிந்ததும், ஆவணியில் தையலைப் பிரித்துப் புது உள்தோல் வைத்து அதே ஓட்டைகளில் தைக்க வேண்டும். வாணியம்பாடித் தோலில் 24 மி.மீ. அகலத்துக்கு இரண்டு கீற்று வெட்டி, வாட்ச் பெட்டிக்குள் செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன்.